இளைப்பும் நார்த்தூசியும்

சிங்கம்புணரி என்றதும் சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் நினைவுக்கு வரும், அடுத்து தென்னங்கயிறு. மட்டையை அடித்து நாராக்கி, உலர்த்தி, கயிறு திரிக்கிற வேலையில் தூசி பறக்கும். அந்தத் தூசி எல்லாருக்கும் இளைப்பைக் கொண்டுவராது. ஆனால் ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சீண்டிவிடும். வேலைக்குப் போகிற நாளில் இருமலும் இழுப்பும் கூடி, சில நாள் லீவில் குறைகிறதா? அப்படியானால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். வெறும் சளி என்று சொன்னால் சளிக்கு மட்டுமே மருந்து கிடைக்கும்.

ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயின் உட்சுவர் உள்ளூர வீங்கியிருக்கும், நன்றாக இருக்கிற நாளிலும்கூட. தூசி, அடுப்புப் புகை, மார்கழிப் பனி, சளிக்காய்ச்சல் என ஏதாவது பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும்; மூச்சு விசிலடிக்கும். சால்பியூட்டமால் பஃப் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்திவிடும். வீக்கம் அப்படியேதான் இருக்கும். அதைத் தணிப்பது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். மருத்துவர் தினமும் இழுக்கச் சொல்லியிருந்தால், இளைப்பு இல்லாத நாளிலும் இழுக்க வேண்டும். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான்: சுகமானதும் பலர் இதை நிறுத்திவிட்டு, சால்பியூட்டமாலை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் எச்சரிக்கிறது.

ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போவது இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில், நேராக நுரையீரலுக்குப் போகிறது. பழக்கமாகி அடிமைப்படுத்தவும் செய்யாது. இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும், நாக்கில் வெண்படலம் வருவது குறையும்.

இழுக்கும் முறை தப்பினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். அழுத்தி அடிக்கிற பஃப் என்றால் முதலில் குலுக்குங்கள். மூச்சை வெளியே விட்டு, வாயில் பொருத்தி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். 10 விநாடி அடக்குங்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் பஃபுக்கும் வாய்க்கும் நடுவில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தினால் எளிது.

வேலையை விடு என்று சொல்வது சுலபம், சோறு போடுவது அதுதானே. நாரை ஈரப்படுத்திக் கையாள்வது, காற்றோட்டம், துணிக்குப் பதில் என்95 முகக்கவசம், தூசி குறைந்த பிரிவுக்கு மாறுவது ஆகியவற்றை ஆலைக்காரர்கள்தான் ஏற்பாடு செய்து தரவேண்டும்.

ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பஃப் இழுத்தும் அடங்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, சால்பியூட்டமாலை ஒவ்வொரு பஃபாக இழுத்தபடியே 108-ஐ அழையுங்கள்.