அழியாத சில்லுத் தடங்கள்

ஜீப் வண்டியை அறியாதார் நம்மில் எவருமிலர். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் போர்வீரரைச் சேற்றிலும் மணலிலும் சுமந்து சென்ற அவ்வண்டி, யுத்தம் ஓய்ந்தபின் அமெரிக்காவிலே பொழுதுபோக்குக்குரிய வாகனமாயிற்று. நான்கு சில்லுகளும் ஒருங்கே இழுக்கும் வண்டி கையிலிருந்தால், தெரு முடிந்த இடத்தில் பயணமும் முடியவேண்டியதில்லை அல்லவா? கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலே, தாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் றுபிக்கன் என்னும் பாறைப் பாதையில், 1953ஆம் ஆண்டு ஜீப் வண்டிகள் கூட்டமாகப் பயணஞ் செய்தன. சுமார் 22 மைல் நீளமான அப்பாதை, இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர்க்கு இன்று ஒரு யாத்திரைத் தலம் எனலாம்.

இவர்கள் இயற்கையின் பகைவர்களா? அவ்வாறு கூறிவிட முடியாது. நகரத்தின் புகையையும் இரைச்சலையும் விட்டகன்று, பிள்ளைகுட்டிகளுடன் நட்சத்திரங்களின் கீழே கூடாரமடித்துத் தங்க விரும்புவோரே இவர்களிற் பலர். மலையேறி நடக்க இயலாத முதியோரும் அங்கக் குறையுள்ளோரும் வனத்தின் அழகைக் காண்பதற்கு வண்டியை விட்டால் வேறு வழி யாது என்று இவர்கள் கேட்பதிலும் நியாயமுண்டு.

ஆயினும், நிலத்தின் பக்கமும் ஒரு நியாயமுண்டு. கலிபோர்னியாவின் தெற்கிலுள்ள பாலைவனத்திலே, 1942ஆம் ஆண்டு தளபதி பற்றன் டாங்கிப் படைகளுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். 1944இல் அப்பயிற்சிக் களம் மூடப்பட்டது. எண்பது ஆண்டுகள் கடந்தும் அந்த டாங்கிகளின் தடங்கள் சிலவிடங்களில் அழியாது கிடக்கின்றன. காரணம் யாது? வறண்ட நிலத்தின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களும் பாசியினங்களும் மண்ணைப் பிணைத்து, மெல்லிய ஓடு போன்றதொரு படையை உண்டாக்குகின்றன. காற்று மண்ணை வாரிச் செல்லாது காப்பது அப்படையே. கனத்த சில்லு ஏறியதும் அது நொறுங்குகிறது. கீழுள்ள மண் இறுகுகிறது. மழைநீர் உள்ளிறங்குவதும் விதை முளைப்பதும் அரிதாகின்றன. மழையே அபூர்வமான அந்நிலத்தில் இப்புண் ஆறப் பல பத்தாண்டுகள் செல்லும்.

அங்கு வாழும் பாலைவன ஆமை, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வளையினுள்ளே கழிப்பது. வளையின்மேல் வண்டி ஏறினால் அதன் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமோ? பாஸ்டோ நகரிலிருந்து லாஸ் வேகாஸ் வரை பாலைவனத்தை ஊடறுத்து 1967இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி, நிலத்துக்கு நேர்ந்த சேதத்தினால் 1974ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டது. 1983இல் மீண்டும் தொடங்கி, 1989உடன் முற்றாக முடிவுற்றது. அந்த 1989இலேதான் பாலைவன ஆமை அழியும் ஆபத்திலுள்ளதென அரசாங்கம் அறிவித்தது. நோயும், குஞ்சுகளைத் தின்னும் அண்டங்காக்கைகளும் ஆமைகளை வருத்தியமையால், முழுப் பழியையும் வண்டிகள்மேற் சுமத்துதல் நீதியன்று. எனினும், அப்பழியில் அவற்றுக்கும் பங்குண்டு.

பொதுநிலங்களில் வண்டி செல்லத்தக்க இடங்களையும் தகாத இடங்களையும் வகுக்குமாறு 1972இல் ஜனாதிபதி நிக்சன் கட்டளையிட்டார். பெருஞ்சேதம் விளையும் இடங்களை உடனே மூடுமாறு 1977இல் ஜனாதிபதி காட்டர் பணித்தார். "எங்கள் பாதையை அடைக்கின்றார்கள்" என்று ஒரு சாராரும், "நிலத்தை அழிக்கின்றார்கள்" என்று மறுசாராரும் அன்று தொட்டு வழக்காடி வருகின்றனர்.

இவ்வழக்கிற்கு றுபிக்கன் பாதையிலே ஒரு நல்ல விடை பிறந்தது. அங்கே பயணிகள் விட்டுச்சென்ற மலக்கழிவு காரணமாக 2004இல் ஓர் ஏரிக்கரை மூடப்பட்டது. எண்ணெயும் கழிவும் மண்ணும் ஓடைகளிற் கலவாது தடுக்குமாறு, நீரின் தூய்மையைக் கண்காணிக்கும் சபை 2009இல் மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத் திணைக்களத்துக்கும் உத்தரவிட்டது. பாதையே பறிபோய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. வண்டிப் பிரியர்கள் வெறுமனே வழக்காடிக்கொண்டிருக்கவில்லை. தொண்டர்களாகத் திரண்டு, மழைநீர் பாதையை அரிக்காதவாறு வடிகால் அமைத்தனர். சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் துணிகளை வண்டியிற் கொண்டு சென்றனர். தமது மலக்கழிவையும் பைகளிலிட்டுத் திரும்பக் கொணர்ந்தனர். இதில் வெட்கப்பட யாதுமில்லை, விட்டுவருவதே வெட்கம்.

மெல்ல மிதித்துச் செல்லுங்கள் என்னும் பொருளில் அமெரிக்க வனத் திணைக்களம் 1985இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அவ்வியக்கம் கூறும் புத்திமதிகளுள் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. பாதையிற் சேற்றுக்குழி குறுக்கிட்டால், அதைச் சுற்றிப் புல்வெளிமேற் போகாதீர்கள் என்பதே அது. முதல் வண்டி குழியைச் சுற்றிப் போகிறது. அதனால் உண்டான புதுக்குழியை அடுத்த வண்டி சுற்றிப் போகிறது. சில ஆண்டுகளில் ஒற்றைப் பாதை இருந்த இடம் புல்லற்ற பொட்டலாகிவிடுகிறது.

வண்டி சேறாவதை ஒருவன் பொறுத்துக்கொண்டால், புல் பிழைக்கும். அவனுடைய பிள்ளைகளுக்குப் பாதையும் எஞ்சும். காட்டின்மேல் தான் கொண்ட அன்பை அவன் மெய்ப்பிக்கும் வழியும் அதுவேயன்றோ?