செயற்கைக்கோள் சொல்லாத சேதி

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடலில் கிடக்கும் மணல் தீடைகளைப் பற்றி 2024இல் இஸ்ரோ விஞ்ஞானிகள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அது செய்தியான சில நாட்களிலேயே, ராமர் பாலத்தை இஸ்ரோ நிரூபித்துவிட்டது என்ற பதிவுகள் மூவர்ணக் கொடியோடு சமூக ஊடகங்களில் சுற்றின. கட்டுரை செய்ததோ வேறு வேலை. கடல்மேல் லேசர் பாய்ச்சி ஆழம் அளக்கும் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் தரவுகளைக் கொண்டு கடலடி மேடுபள்ளங்களை அது வரைபடமாக்கியது. தீடைத் தொடரின் மொத்த நீளம் 29 கிலோமீட்டர், அதில் 99.98 விழுக்காடு ஆழமற்ற நீருக்கு அடியில் இருக்கிறது. தனுஷ்கோடி, தலைமன்னார் நிலப்பகுதிகளின் கடலடித் தொடர்ச்சிதான் இது என்பவை அதன் முடிவுகள். யாரேனும் கட்டினார்களா என்பதை ஆழம் அளக்கும் லேசரால் சொல்ல முடியாது. (ஐஸ்சாட்-2 அமெரிக்காவின் நாசா அனுப்பிய செயற்கைக்கோள். கொடி ஒட்டியவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.)

இது புதுப் பழக்கமும் அல்ல. வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே, 2002இல், நாசா எடுத்த படங்கள் 17.5 லட்சம் ஆண்டு பழைமையான பாலத்தைக் காட்டுகின்றன என்ற செய்தி பரவியது. விண்வெளியிலிருந்து எடுக்கும் படம் ஒரு தீவுத்தொடரின் தோற்றத்தையோ வயதையோ நேரடியாகச் சொல்லாது, மனிதர் கை பட்டதா என்பதையும் காட்டாது என்று நாசா அப்போதே விளக்கியது. 2017இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றின் முன்னோட்டக் காட்சி வந்தது. மணலின் வயது 4,000 ஆண்டு, மேலிருக்கும் கற்களின் வயது 7,000 ஆண்டு, ஆகவே கற்களை யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றது அது. பழைய பவளக்கல்லைப் புது மணல்மேல் புயலும் அலையும் ஒதுக்கிப் போடுவது கடலோரத்தில் அதிசயமில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, 17.5 லட்சமும் 7,000மும் ஒன்றையொன்று பொய்யாக்கும் எண்கள் என்பது. ஆனாலும் இரண்டும் ஒரே மூச்சில் பகிரப்பட்டன. பகிர்பவருக்கு வயது முக்கியமில்லை, நாசா, இஸ்ரோ என்ற முத்திரைதான் முக்கியம். முத்திரை விழுந்ததும் சந்தேகம் கேட்பவர் தகவல் தெரியாதவராக இருப்பதில்லை, தேசத்தை மதிக்காதவராகிவிடுகிறார். இந்தப் பதிவுகளின் கெடுதல் இங்கேதான் தொடங்குகிறது: சான்று கேட்க வேண்டிய இடத்தில் அவை விசுவாசத்தைக் கேட்கின்றன.

அந்தக் கெடுதலின் விலையை மன்னார் வளைகுடாவை ஒட்டிய வேம்பார்க் கடற்கரையிலிருந்து பார்த்தால் தெரியும். வளைகுடாவின் கடல்சார் தேசியப் பூங்காவிலுள்ள 21 தீவுகளில் உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி மூன்றும் வேம்பார்த் தொகுதி என்றே பெயர் பெற்றவை. பெரிய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனாலும், மீனும் சங்கும் நண்டும் இந்தத் தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளையும் கடலடிப் பார்களையும் நம்பித்தான் இருக்கின்றன. இதே கடல் வழியாக 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழத்தில் சேதுசமுத்திரக் கால்வாய் வெட்டும் திட்டத்தை 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள், கலங்கிய நீரில் பவளமும் சிப்பியும் பிழைக்குமா, கப்பல் போகும் தடத்தில் வலை விரிக்க முடியுமா என்று கடற்கரை மக்கள் கேட்டார்கள். கப்பல்களுக்கு மிச்சமாகும் நேரம் செலவை ஈடுகட்டுமா என்று பொருளியல் அறிஞர்களும் கேட்டார்கள். எல்லாம் அளந்து பதில் சொல்லக்கூடிய கேள்விகள். இஸ்ரோ கட்டுரையிலேயே இவற்றுக்கு உதவும் ஒரு தகவல் உண்டு: தீடைகளுக்கு நடுவே 2 முதல் 3 மீட்டர் ஆழமுள்ள 11 குறுகிய வாய்க்கால்கள் வழியாக வளைகுடாவின் நீரும் பாக் நீரிணையின் நீரும் கலக்கின்றன. அந்த இடத்தில் 12 மீட்டருக்குத் தோண்டினால் நீரோட்டம் என்னவாகும்? அந்தப் பகுதியை யாரும் பகிரவில்லை.

2007இல் விவாதம் முழுவதும் ராமர் இருந்தாரா என்பதற்குத் தாவியது. அது குறித்துத் தொல்லியல் துறை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தை மத்திய அரசு திரும்பப் பெற்றது. ராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று முதல்வர் கருணாநிதி கேட்டது எதிர்த்தரப்புக்குத் தீனியானது. கால்வாயை எதிர்த்த மீனவர் ஒருபக்கக் கணக்கில் ராம பக்தர், நாசா கதையை நம்பாததால் மறுபக்கக் கணக்கில் தேச விரோதி. ஏறக்குறைய 490 ஆண்டுகளாகக் கத்தோலிக்கராக இருக்கும் பரதவர்கள் வாழும் வேம்பாரில் இரண்டு பட்டமும் எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சேது கோடிக்கணக்கானோரின் நம்பிக்கை, அதில் ஏன் கை வைக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வருகிறவர் செயற்கைக்கோள் படம் பார்த்துவிட்டு வருவதில்லை. அவருடைய நம்பிக்கையை இங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்தது பதிவு போட்டவர். அழைத்துவிட்டால் குறுக்கு விசாரணையும் உண்டு. மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங்கே 2022 டிசம்பரில் மாநிலங்களவையில், அது எப்படிப்பட்ட கட்டுமானம் என்று துல்லியமாகச் சொல்வது கடினம் என்றார். இது ஒரு கட்சியின் நோய் மட்டும்தான் என்பதும் சரியல்ல. கூடங்குளம் அணு உலையை இடிந்தகரை மீனவர்கள் எதிர்த்தபோது, பின்னணியில் வெளிநாட்டு நிதி பெறும் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012இல் சொன்னவர் காங்கிரஸ் பிரதமர். கதிர்வீச்சு பற்றிய கேள்வி அன்று தேசபக்தி பற்றிய கேள்வியாக மாறியது.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று. பொய்யோ மெய்யோ, ராமர் பாலம் என்ற பேச்சுதானே கால்வாயை நிறுத்தியது, கடலுக்கு அது நல்லதில்லையா? நின்றது எதற்காக என்று பார்க்க வேண்டும். 2007 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, ராமர் பாலத்துக்குச் சேதம் கூடாது என்றது. சேதமில்லாமல் தூர்வாருவதை அது தடுக்கவில்லை. திட்டத்தை மறுஆய்வு செய்த பச்சௌரி குழு சூழலையும் பொருளாதாரத்தையும் ஆராய்ந்து அது தேறாது என்று சொன்னபோது, 2013இல் அன்றைய மத்திய அரசு அதை ஏற்க மறுத்தது. 2018இல் அடுத்த அரசு, தேச நலன் கருதிப் பாலத்தைத் தொடாமல் மாற்றுப் பாதை தேடுவோம் என்று நீதிமன்றத்தில் சொன்னது. 2023 ஜனவரியில் திட்டத்தை மீண்டும் தொடங்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பாலத்துக்குச் சேதமில்லை என்றால் ஆதரவு என்றது பாஜக. ஆக, காப்பாற்றப்பட்டிருப்பது பாலம். வளைகுடாவுக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை. மாற்றுப் பாதை ஒன்று வரைபடத்தில் ஏறும் நாளில், தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டப் போகிறீர்கள் என்பதை வேம்பார்க்காரர்கள் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.