ஜெலட்டின் எந்த எலும்பிலிருந்து வந்தது?

மிட்டாய்ப் பொட்டலத்தில் ‘ஜெலட்டின்’ என்றோ அதன் குறியீட்டெண்ணான ‘428’ என்றோ கண்டால், புணே கேம்ப் கடைவீதியில் பிள்ளையோடு நிற்கும் முஸ்லிம் தாய்க்கு முதலில் வரும் பயம் பன்றி. வெளிநாட்டுச் சரக்கென்றால் அந்தப் பயம் நியாயமானதே. ஐரோப்பாவில் பன்றித்தோலிலிருந்து ஏராளமாக ஜெலட்டின் எடுக்கிறார்கள். இந்திய ஆலைகளோ பெரும்பாலும் மாட்டெலும்பையும் எருமையெலும்பையும் நம்பியிருக்கின்றன. அதனால் இங்கே கேட்க வேண்டியது வேறு: அந்த மாடு அறுக்கப்பட்டதா, தானாகச் செத்ததா?

குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 3ஆம் வசனம் பன்றியை மட்டுமல்ல, செத்த பிராணியையும் விலக்குகிறது. ஆலைக்கு வரும் எலும்பு மூட்டையில் அறுத்த மாட்டின் எலும்பும் செத்த மாட்டின் எலும்பும் கலந்திருக்கலாம். இந்த இடத்தில் மத்ஹபுகள் எனும் சட்டப்பள்ளிகள் பிரிகின்றன. எலும்பில் உயிர் ஓடுவதில்லை, எனவே செத்த மாட்டின் காய்ந்த எலும்பு நஜீஸ் (அசுத்தம்) ஆகாது என்பது ஹனஃபி நிலை. ஷாஃபிகளுக்கு அது நஜீஸ்தான். புணேயில் ஹனஃபிகள் அதிகம். கொங்கணி முஸ்லிம்களும், காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து பிழைக்க வந்தவர்களும் பெரும்பாலும் ஷாஃபி. ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு பதில் வரலாம். இரண்டுமே மார்க்கத்துக்கு உட்பட்டவைதான்.

பொருள் முற்றிலும் உருமாறினால் சட்டமும் மாறும் என்ற ‘இஸ்திஹாலா’ வாதமும் உண்டு. மது வினிகராக மாறுவது பழைய உதாரணம். 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ-ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டம்) கருத்தரங்கு ஜெலட்டினையும் அப்படிக் கருதி அனுமதித்தது. ஆனால் 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, பன்றி ஜெலட்டினை உணவில் சேர்க்கக் கூடாது என்றது. மாற்றுப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இரண்டாவது தீர்ப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தியாவில் கிடைக்கும் பெரிய வசதி, சைவ உணவைக் காட்டும் பச்சைப் புள்ளி. அது இருந்தால் ஜெலட்டின் இருக்கக் கூடாது; 471 என்ற கொழுப்புச்சேர்க்கையும் தாவரத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஆனால் சாராயத்தைப் பற்றி அந்தப் புள்ளி எதுவும் சொல்லாது. அசைவத்துக்கான பழுப்புக் குறியைக் கண்டதும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். முட்டை சேர்ந்த பிஸ்கட்டுக்கும் அதே குறிதான், கோழிமுட்டை ஹலால்.

பிள்ளைக்கு ஜெல்லிதான் வேண்டுமென்றால், நோன்புக்கு நம் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசி இருக்கிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆறவைத்தால் போதும், எந்த ஆலிமையும் கேட்க வேண்டியதில்லை.