கித்தான் கூடாரமும் பூஞ்சணமும்

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் மட்டாஞ்சேரியில் உப்பு நீர்விடும், தீக்குச்சி பற்றாது, பெட்டியில் மடித்துவைத்த வேட்டியில் கரும்புள்ளிகள் தோன்றும். அவற்றை இவ்வூரார் கரிம்பன் என்பர். நாம் பூஞ்சணம் என்போம். மதுரையில் ஓராண்டில் பெய்வதைப்போல் மூன்று மடங்குக்கும் மிகுதியான மழை கொச்சியில் பெய்கிறது. ஆகவே வறண்ட ஊர்களிலிருந்து இங்குக் குடியேறிய நம்மவர் முதல் மழைக்காலத்தில் திகைப்பது இயல்பே. வேட்டி போனால் போகட்டும். பிள்ளைகள் சாரணர் முகாமுக்குக் கொண்டுசெல்லும் கித்தான் கூடாரம் மக்கினால், காற்றடிக்கும் இரவில் அது தலைக்குமேல் கிழியும்.

பூஞ்சணத்தின் நுண்விதைகள் காற்றில் எங்கும் உள்ளன. அவை முளைக்க ஈரமும் உணவும் வேண்டும். பருத்தி நூலே அதற்கு உணவு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் கூடாரங்கள் இவ்வாறே இற்றுப்போயின. 1944ஆம் ஆண்டு பூகன்வில் தீவில் கித்தானிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பூஞ்சணத்துக்கு, அதனை ஆராய்ந்த ரீஸ் என்பவரின் பெயரால் 1977இல் டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிட்டனர். அன்று கூடாரத்தைத் தின்ற அதுவே இன்று துணி ஆலைகளுக்கு நொதி அளிக்கிறது என்பது வேடிக்கை.

பருத்தியைவிட அது விரும்புவது கஞ்சி. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னுமிடத்து டோபிக்கானாவில், டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடை வெளுக்க அழைத்துவரப்பட்டோரின் வழியினராகிய தமிழ்க் குடும்பத்தார் இன்றும் தொழில் செய்கின்றனர். அவர்கள் கஞ்சியிட்டு, முறுக்கிய கயிற்றில் செருகி உலர்த்திய துணியின் மிடுக்கே தனி. ஆனால் அம்மிடுக்கு உடனே உடுத்தும் துணிக்கே உரியது. மழைக்காலம் முழுதும் பெட்டியில் கிடக்கப்போகும் துணிக்குக் கஞ்சி வேண்டா.

கூடாரத்தில் பூஞ்சணம் கண்டால் முதலில் நனைக்கக் கூடாது. நனைத்தால் அது பரவும். வெயில் வந்த நாளில் வெளியே விரித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காற்று நம் முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்று, உலர்ந்த தூரிகையால் தட்டித் துடைக்க வேண்டும். இழுப்பு நோயுள்ளோர் அருகில் வரலாகாது. பின்னர் ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு நீர் கலந்து, கறையின்மேல் தடவிச் சிறிதுநேரம் ஊறவிட்டு, மெல்லத் தேய்த்து, நல்ல நீரால் கழுவ வேண்டும். சலவைத்தூள் கித்தானின் நீர்காப்பைக் கெடுக்கும். வெளுப்புத்தூளோ நூலையே நலிவிக்கும். அதனை வினிகருடன் கலந்தால் நச்சுவாயு எழும். ஆகவே இரண்டையும் ஒருபோதும் சேர்க்கலாகாது.

இவ்வளவு செய்தும் கருமை சிறிது எஞ்சலாம். பூஞ்சணம் அழிந்தாலும் அதன் சாயம் நூலில் தங்கும், அதனால் தீங்கில்லை. தீங்கு எதுவெனில், இரு கைகளாலும் பற்றி இழுக்கும்போது துணி காகிதம்போல் பிரிவது. அத்தகைய கூடாரத்துக்கு ஒட்டுப்போடுவது வீண், தரைவிரிப்பாக்கலாம்.

நைலான் கூடாரத்தின் கதை வேறு. பூஞ்சணம் அங்கே நூலைத் தின்பதில்லை. படிந்த அழுக்கிலும் பூச்சிலும் வளர்கிறது. மெல்லிய பஞ்சால் ஒற்றித் துடைப்பதே போதும். உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிட்டால் பெரும்பாலும் மீட்க இயலாது.

கழுவிய கித்தானுக்கு நீர்காப்பு மீண்டும் வேண்டுமெனில், பழைய வழி ஒன்றுண்டு. சோப்பு கரைத்த நீரில் தோய்த்து உலர்த்தி, பிறகு படிகாரம் கரைத்த நீரில் தோய்க்க வேண்டும். இரண்டும் கூடி, நீரில் கரையாத ஒரு பொருளாய் நூலில் படியும்.

மேற்பரப்பு உலர்ந்ததும் மடித்துவிடுவதே நம்மவர் பலர் செய்யும் பிழை. தையலும் விளிம்பும் மறுநாள்வரை ஈரம் காக்கும். அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தே மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை கூடாது. தளர்ந்த பருத்திப் பை நன்று. பண்டகசாலைகளில் மூட்டைகளைச் சுவரிலும் தரையிலும் படாமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்குவர். கூடாரத்துக்கும் அத்தகைய இடமே ஏற்றது. ஐப்பசியில் துலாவர்ஷம் தொடங்குமுன், புரட்டாசி வெயிலில் ஒருமுறை அதனை வெளியே எடுத்து விரித்துப் பார்க்கலாம்.