பழைய பத்திரிகைகளிற் "காசு"

காசு என்னுஞ் சொல் நம் நாவிற் பயிலாத நாளில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிற் பொருட்செல்வம் முழுவதையும் அதனாற் சுட்டுகின்றோம். "அவரிடம் காசு உண்டு" என்றால், எந்த நாணயம் என ஒருவரும் வினவார். இப்பழக்கத்தோடு நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகட்கு முற்பட்ட பத்திரிகைகளைக் கையிலெடுக்கும் மாணவன் இடர்ப்படுவான். விலையையுங் கூலியையும் பிழைபடக் கணித்து, அதன்மேல் வரலாறு எழுதவுந் துணிவான்.

ஆங்கிலத்திற் "கேஷ்" என ஒரே எழுத்துக்கூட்டில் இரு சொற்கள் உள. ஒன்று, பெட்டி எனப் பொருள்படும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களின் வழிவந்தது. முதலிற் பணப்பெட்டியைக் குறித்துப் பின்னர் இடவாகுபெயராய் அதனுள்ளிருக்கும் பணத்துக்காயிற்று. மற்றையது நம் காசே. போர்த்துக்கேயர் அதனைத் தம் நாவுக்கேற்பக் "கைஷா" எனத் திரித்தனர். வியப்பென்னவெனில், அவர்தம் மொழியிலும் அவ்வடிவம் பெட்டிக்குப் பெயராம். அவர் வாயிலாக ஆங்கிலேயர் அதனைப் பெற்றனர். ஆகவே கைக்காசுக்கு விற்பனை என்னும் விளம்பரத்தில் நிற்பது பெட்டியின் வழிவந்த சொல். விலைப்பட்டியலில் எண்ணோடு நிற்பது நம் சொல்.

எண்ணோடு நின்றவிடத்தும் பொருள் ஒன்றன்று. 1785ஆம் ஆண்டிற் "மதராஸ் கூரியர்" தோன்றிய காலத்திற் சென்னபட்டினத்துக் கணக்குகள் வராகன், பணம், காசு என மூன்று நிரலாக எழுதப்பட்டன. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். எனவே "3 பணம் 40 காசு" என்பது மூன்றரைப் பணமாகும். சதக்கணக்கிற் பழகிய நாம் அதனை மூன்றே நாற்பது என வாசித்துவிடல் எளிது. 1818இல் ரூபாய் அங்கு அடிப்படை நாணயமானபோது மூன்றரை ரூபாய் ஒரு வராகனுக்கு ஈடாக்கப்பட்டது. அவ்வாறாயின் ரூபாய் ஒன்றுக்கு 960 காசு.

அக்காசு கொண்டு சிறிது தெற்கே செல்வோமாயின் கணக்கு நிலைகுலையும். பிரான்சியரின் புதுச்சேரியில் 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். ஆகவே ரூபாய்க்கு 192 காசே. தேனியரின் தரங்கம்பாடியிற் பணத்துக்கு 80 காசு. ஆயினும் ரூபாய்க்குப் பணம் எட்டாதலின் 640 காசாயிற்று. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அதாவது 448 காசு. 200 காசு கூலி என்று ஓரிடத்துச் செய்தி கூறின், அது புதுச்சேரியில் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். சென்னையிலோ கால் ரூபாயுமன்று. எந்த ஊர்ப் பத்திரிகை, எந்த ஆண்டு என்பதை அறியாமற் பெயர்த்தெழுதுதல் ஒண்ணாது.

சீனச் செய்திகளில் வரும் "கேஷ்" வேறு. நடுவிற் சதுரத்துளையுடைய வார்ப்பு நாணயம் அது, கயிற்றிற் கோக்கப்படும். பெயரளவில் ஆயிரங்கொண்டது ஒரு தேல் வெள்ளி. சீனர் அதனைக் காசென்று ஒருகாலும் அழைத்திலர். நம் சொல்லை அவர் நாணயத்துக்குச் சூட்டியவர் ஐரோப்பியரே.

சாசன ஆராய்ச்சிக் கட்டுரைகளிலோ காசு பொன்னாகும். தஞ்சைப் பெருங்கோயிற் சாசனங்களிற் காசு ஒன்றுக்கு ஆண்டுவட்டி அரைக்காற் காசு என வருதல் காண்க. சோழர் சாசனங்களில் "ஈழக்காசு" என்னும் பெயரும் உண்டு. நம் நாட்டின் பெயர் அந்நாணயத்தில் ஒட்டிக்கொண்டது. இலக்கிய மாணவர்க்கு இன்னுஞ் சில பொருள்கள் நினைவுக்கு வரும்: மேகலையிற் கோத்த மணி, குற்றம், வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடு. பத்திரிகைகளில் இவை வருதல் அரிது.

இற்றைநாளில் வங்கியில் நாம் காணும் "காசாளர்" என்னும் பெயர், பெட்டியின் வழிவந்த அந்த ஆங்கிலச் சொல்லின் ஆக்கத்துக்கே மொழிபெயர்ப்பாக அமைந்தது. பிறப்பால் வேறான இரு சொற்களும் அப்பெயரில் ஒன்றாயின.