தென்சீமைக் கீதங்கள் – 14: மென்குரலைச் சூழ்ந்த வாத்தியப் பெருக்கு

சிவகாசியில் பிறந்து, 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று சென்னை மேடையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடியபடியே உயிர் நீத்த விசுவநாததாஸின் சரித்திரத்தைச் சென்ற வாரம் கண்டோம். கொட்டகையின் கடைசி வரிசைவரை தம் சாரீர பலத்தாலேயே எட்டிய பரம்பரை அவருடையது. அதற்கு முற்றிலும் மாறாக, ஒலிவாங்கியின் அருகே நின்று, ஒருவரோடு மட்டும் பேசுவதுபோலப் பாடிய ஏ. எம். ராஜாவை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

சித்தூர் ஜில்லா ராமாபுரத்தில் 1929-இல் பிறந்த ராஜா, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே இரண்டு தெலுங்குப் பாடல்களைத் தாமே எழுதி, மெட்டமைத்து, கே. வி. மகாதேவனின் வாத்திய அமைப்புடன் ஹெச்.எம்.வி. இசைத்தட்டில் பாடினார் என்பது பலரும் மறந்துவிட்ட விஷயம். இயற்றுதல், இசைத்தல், பாடுதல் ஆகிய மூன்றும் அவரிடம் ஒன்றாகவே முளைத்தவை. ஆயினும் ‘மிஸ்ஸியம்மா’வின் பாடகராக அவரைப் போற்றும் நாம், ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’ (1959) படத்தில் பட்டுக்கோட்டையாரின் வரிகளுக்கு மெட்டமைத்தவரும் அவரே என்பதைச் சற்றுத் தாமதித்தே நினைவுகூர்கிறோம். 1961-இல் வந்த ‘தேன் நிலவு’ அவருடைய இசைச் சிருஷ்டியின் சிகரம் என்பதையோ அநேகமாகச் சொல்வதே இல்லை.

கண்ணதாசன் பாடல்கள் எழுத, பெரும்பகுதி காஷ்மீரத்தில் படமாக்கப்பட்ட அந்தச் சித்திரத்தின் பாடல்களை வரிசையாகக் கேட்டால், அவை தனித்தனித் துணுக்குகளாக அன்றி ஒரே மனோபாவத்தின் பல தோற்றங்களாக விளங்குவதை உணரலாம். மேல்நாட்டு முறையில் வயலின்கள் கூட்டாக எழும். ஆனால் பாடகர் வாய் திறக்கும் தருணத்தில் அவை பணிந்து விலகி, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள மௌனத்தை மட்டும் நிரப்பும். காதைப் பிளக்கும் வெடியாக அன்றி, அடியிலிருந்து பொங்கி உயர்ந்து பொறி பொறியாகச் சொரியும் பூச்சட்டியாக அவ்விசை விரிகிறது. மெலிந்த குரலை மறைக்காமல் பெரிய வாத்திய கோஷ்டியை நடத்துவது சாமானியக் காரியமன்று. தம் சாரீரத்தின் எல்லையைத் துல்லியமாக அறிந்த பாடகரே இசையமைப்பாளராகவும் இருந்ததனால் அது சித்தித்தது என்று நான் திடமாக நம்புகிறேன். தமக்கு மட்டுமன்றி, சுசீலாவுக்கும் ஜானகிக்கும் ஜிக்கிக்கும் அவரவர் குரலின் இயல்பு கெடாத மெட்டுகளையே அவர் அளித்தார்.

கரிசல் மண்ணில் மழை பொய்த்தமையால் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வாழ்வை ஒப்படைத்த சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் வட்டாரத்து வீடுகளில், திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிய பெண்களின் அருகே இலங்கை வானொலி பாடிக்கொண்டிருந்தது. காஷ்மீரத்தின் பனியை என்றும் கண்டிராத அவர்களுக்கு, பசை தோய்ந்த விரல்களை நிறுத்தாமலே கேட்கக்கூடிய அந்த மிருதுவான சங்கீதம் எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும்! இந்தச் சீமையின் இசை வரலாற்றில் மேடை ஏறியவர்களுக்கு உள்ள ஸ்தானம், இவ்வாறு வேலையினூடே செவிமடுத்தவர்களுக்கும் உண்டு.

‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்றும் விசுவநாதன்–ராமமூர்த்தியின் இசையில் வெளிவந்த அதே 1961-இல் வந்தமையால் ‘தேன் நிலவு’ அப்பெருவெள்ளத்தின் ஓரத்தில் ஒதுங்க நேர்ந்தது. மறு ஆண்டு ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலய’மும் அவ்விரட்டையரிடமே சென்றது. நாளடைவில் வாய்ப்புகள் அருகிய ராஜா, 1989 ஏப்ரலில், மனைவி ஜிக்கியுடன் தெற்கே ஒரு கோயில் கச்சேரிக்குச் செல்லும் வழியில், வள்ளியூர் ரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் காலமானார்.

பாடகர் ராஜாவுக்கு நாம் செலுத்திய அன்பு குறைவன்று. இசையமைப்பாளர் ராஜாவுக்குச் செலுத்தவேண்டிய மரியாதைதான் நிலுவையில் நிற்கிறது. ‘தேன் நிலவின்’ பாடல்களை, இம்முறை குரலை விடுத்து வாத்தியங்களையே பின்தொடர்ந்து கேட்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன். ‘விடிவெள்ளி’, ‘ஆடிப்பெருக்கு’ ஆகியவற்றில் இதே கைவண்ணம் எவ்வாறு மாறுதலடைந்தது என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)