ஒற்றனுக்கும் வயதாகிறது

இலங்கையின் வடகிழக்குக் கரையில், புல்மோட்டையில் எங்கள் வயதுக்காரர்களுக்குப் படம் என்றால் டெக்தான். கலியாண வீட்டுக்கு எடுத்த ஜெனரேட்டர் திரும்பிப் போவதற்குள் வாடகை டெக்கில் விடிய விடிய மூன்று படம் ஓடும். முற்றத்து மணலில் பாய் விரித்து, பாதி ஊர் உட்கார்ந்திருக்கும். ‘விக்ரம்’ படத்தை நான் பார்த்தது அப்படித்தான். 1986இல் வந்த படம். கொப்பிக்கு மேல் கொப்பி எடுத்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது கமல்ஹாசனின் முகம் பச்சையாகத் தெரிந்தது. சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதிய கதை, இயக்கம் ராஜசேகர். கடத்தப்பட்ட அக்னிபுத்ரா ஏவுகணை, சலாமியா என்றொரு தேசம், அதற்கென்று ஒரு பாஷை, ராஜாவாக அம்ஜத்கான், இளவரசியாக டிம்பிள் கபாடியா. எங்களில் பலர் கம்ப்யூட்டர் என்ற சாமானை முதன்முதலில் கண்டதும் அதில்தான்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே விக்ரமின் மனைவி, அம்பிகா, சுடப்பட்டுச் செத்துப்போகிறாள். பிறகு பாட்டு வருகிறது, காதல் வருகிறது, ஒட்டகம் வருகிறது. அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை. ஒற்றன் படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பழகியிருந்தோம். வாப்பாவின் காலத்தில் அந்த இடம் ஜெய்சங்கருடையது. 1966இல் ‘வல்லவன் ஒருவன்’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படங்களால் அவர் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆனார். அசல் பாண்டோ 1962இலிருந்து ஓடிக்கொண்டிருந்தார். 1983இல் வெளியான ‘ஆக்டோபுஸி’க்காக உதயப்பூருக்கே வந்தார்; நம் சென்னை விஜய் அமிர்தராஜ் ஆட்டோ ஓட்டிக்கொண்டே டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடித்தார். எத்தனை பேர் விழுந்தாலும் கோட்டில் ஒரு கசங்கல் இல்லை. அடிபட்டவனைத் திரும்பிப் பார்க்க அந்தப் படங்களுக்கு நேரமும் இல்லை.

எங்களுக்கு அப்படிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒற்றன் கதைக்கு வேண்டியதெல்லாம் எங்கள் கரையிலேயே கிடந்தது. புல்மோட்டையின் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது, ரூட்டைல் இருக்கிறது, சிர்க்கோன் இருக்கிறது. இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டேனியம் விமானத்துக்கும் போகும், வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயின்டுக்கும் போகும். அதே மணலில் கிடைக்கும் மொனசைட்டில் தோரியம் உண்டு. பாண்ட் படத்து வில்லன் ஒருவன் தேடி வரவேண்டிய கடற்கரைதான். போர்க் காலத்தில், 1997 செப்டெம்பரில், அந்த மணலை ஏற்ற வந்து நின்ற ‘கோர்டியாலிட்டி’ என்ற கப்பல் தாக்கப்பட்டது. சீன மாலுமிகள் வேலை செய்த கப்பல். 2009 மார்ச்சில் இந்திய மருத்துவக் குழு ஊரில் ஆஸ்பத்திரி போட்டது. முல்லைத்தீவுக் கரையில் போரில் காயப்பட்டவர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் உம்மம்மா முதலில் செய்வது பிள்ளைகளின் காதைப் பொத்துவது. அவருக்கு இருந்தது இரண்டு கை. ஒரு பிள்ளையின் ஒரு காதைத் தன் வயிற்றோடு அழுத்தி மற்றக் காதைக் கையால் மூடுவார். அப்படி ஒரே நேரத்தில் இரண்டு பேர். அவருடைய காதுகள் திறந்தே கிடந்தன.

அதனால்தான் 2006இல் வந்த ‘கசினோ ரோயால்’ படத்தைப் பிறகு டிவிடியில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்கு முந்திய பாண்ட் படம், 2002இன் ‘டை அனதர் டே’, பனிக்கட்டி மாளிகை, கண்ணுக்குத் தெரியாத கார் என்று எங்கோ போய்விட்டிருந்தது. வசூலுக்குக் குறைவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜேசன் போர்ன் என்ற இன்னொரு ஒற்றன் திரைக்கு வந்து, கையில் கிடைத்ததை வைத்து மூச்சிரைக்கச் சண்டை போட்டான். இரட்டைக் கோபுரம் விழுந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. பழைய விளையாட்டு இனிச் செல்லாது என்று தயாரிப்பாளர்கள் புரிந்துகொண்டார்கள். இயன் ஃபிளெமிங் 1953இல் எழுதிய முதல் நாவலுக்கே திரும்பிப்போய், டேனியல் கிரெய்கை வைத்து ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்கள்.

கறுப்பு வெள்ளையில் திறக்கிறது படம். பாண்டின் முதல் கொலை ஒரு கழிப்பறையில் நடக்கிறது. கதவு உடைகிறது, தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை அழுத்துகிறான், அந்த ஆள் சாக மறுக்கிறான். பின்னால் ஹோட்டல் படிக்கட்டில் இன்னொரு சண்டை. அது முடிந்து பாண்ட் கண்ணாடி முன் நின்று இரத்தத்தைக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு சீட்டாட்ட மேசைக்குப் போய் உட்காருகிறான். இத்தோடு விட்டிருந்தால் பழைய பாண்ட்தான். விடவில்லை. அறைக்குத் திரும்பினால், கூட இருந்து அந்தச் சாவைப் பார்த்த வெஸ்பர் என்ற பெண் உடுத்த உடையோடு ஷவருக்குக் கீழே குந்தியிருக்கிறாள். விரலில் இரத்தம் போகவில்லை என்கிறாள். அவனும் நனைந்துகொண்டு பக்கத்தில் உட்காருகிறான். 44 வருடத்துப் பாண்ட் படங்களில் எனக்கு முக்கியமான காட்சி இதுதான். இரத்தம் கூடியதால் வந்த கடுமை அல்ல இது. அந்தக் கொலை அடுத்த காட்சிக்குள்ளும் கூட வருகிறது. கதை அதைத் தாண்டி ஓடிவிடவில்லை.

தமிழில் அந்த வேலையைச் செய்யத் துணிந்தது லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’. 2022 ஜூன் 3ஆம் தேதி வெளியானது. பொருளாதார நெருக்கடியில் கிடந்த இலங்கையில் அந்த ஜூன் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பெற்றோல் வரிசை, மின்வெட்டு, மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்த வள்ளங்கள். அப்படியிருந்தும் மருமகனைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்கு பஸ் ஏறினேன். 50 கிலோமீட்டருக்கு மேல். முன்பு மிதவைப் பாதையில் ஏறிக் கடந்த யான் ஓயா ஆற்றுக்கு இப்போது பாலம்.

36 வருடம் கழித்து அதே பெயரில் வந்த கமல்ஹாசனுக்கு வயது 67. படம் அந்த வயதை மறைக்கவில்லை. மகனைப் பறிகொடுத்தவன், ஊர் கண்ணுக்குக் குடிகாரன். அரசாங்கமே உருவாக்கிப் பிறகு அரசாங்கமே கைகழுவிய இரகசியப் படையில் மிஞ்சியவன். சலாமியாவில் ஆடிய அந்த இளைஞனுக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்காரப் பெண்ணாக அதுவரை நாம் கவனிக்காமலே இருந்த ஏஜென்ட் டீனா, கையில் அகப்பட்டதை ஆயுதமாக்கிக்கொண்டு எழும்பும்போது தியேட்டரே எழும்பியது. நடித்த வசந்தி, வருடக்கணக்காகச் சினிமாப் பாட்டுகளில் குழுவாக ஆடியவர்களில் ஒருவர்.

குறை உண்டு. கடைசி அரை மணித்தியாலத்தில் படம் தன் சொல்லை மறந்து, ஆளைவிடப் பெரிய துப்பாக்கிகளை நம்பத் தொடங்குகிறது. செத்து விழுகிறவர்கள் மறுபடியும் பெயரில்லாதவர்கள் ஆகிறார்கள். ‘கசினோ ரோயால்’ காத்த நிதானம் இதில் இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஆனால் படத்தில் விக்ரமின் பேரக் குழந்தை இருக்கிறது. சத்தம் ஆகாத குழந்தை, இதயம் தாங்காது. ஊரையே தூக்கி அடிக்கக்கூடிய ஒற்றன் தெருவில் இரைச்சலைக் குறைக்கச் சொல்லி மன்றாடுகிறான். ஒற்றன் படங்களில் வெடிக்கும் ஒவ்வொரு குண்டும் ஒரு குழந்தையின் காதில் விழுகிறது என்று நினைத்துப் பார்த்த கதையை நான் இதற்கு முன் கண்டதில்லை. சண்டைக்கு நடுவே அதன் மூச்சு நிற்கிறது. கிழவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தச் சின்ன மார்பை அழுத்துகிறான். விசில் அடித்துக்கொண்டிருந்த தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மடியில் கிடந்த மகனின் ஒரு காதைத் தன் வயிற்றோடு அழுத்தி மற்றதைக் கையால் மூடினாள்.